பிஎம்டிஎஸ்: எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த மென்பொருள்

ஒரு ரசாயனம் எவ்வளவு உடம்புக்குள் போனால் புற்றுநோய் அபாயம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட எந்த மென்பொருளில் தொடங்கலாம் என யார் கேட்டாலும் நான் தயங்காமல் சொல்வது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) இலவசமாகத் தரும் பிஎம்டிஎஸ்-ஐத்தான் (பெஞ்ச்மார்க் டோஸ் சாஃப்ட்வேர்). முன்பு எக்செல் வழியாக ஓடும் பதிப்பு இருந்தது, இப்போது பிரவுசரிலேயே ஓட்டலாம். புதிதாக வருபவர்கள் பிரவுசரிலேயே தொடங்குங்கள்.

உள்ளே கொடுக்க வேண்டியது மூன்றே பத்தி எண்கள்: டோஸ், அந்தக் குரூப்பில் இருந்த எலிகள், அவற்றில் கட்டி வந்தவை. ஓட்டினால் பல மாடல்களின் வளைகோடுகளை வரைந்து காட்டும். புற்றுநோய்க்கு வழக்கமாக எடுப்பது மல்டிஸ்டேஜ். ஒரு செல் பல படிகளைத் தாண்டித்தான் புற்றாக மாறுகிறது என்று 1954-இல் ஆர்மிடேஜ், டால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கின் வழியில் வந்தது அது. விடையாக இரண்டு எண்கள் வரும். இயல்பாக வருவதற்கு மேல் 10% அபாயம் கூடும் டோஸ் பிஎம்டி, அந்த டோஸ் இதற்குக் கீழே இருக்காது என்று 95% நம்பிக்கையோடு சொல்லும் கீழ் வரம்பு பிஎம்டிஎல்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு சின்ன சோதனையில்தான். குரூப்புக்கு 50 எலிகள், நான்கு டோஸ், கட்டி வந்தவை 2, 6, 12, 24 என்று போட்டு ஓட்டிவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் பாதியாக்கி 25-க்கு 1, 3, 6, 12 என்று மறுபடி ஓட்டினேன். விகிதம் அதே என்பதால் பிஎம்டி அசையவே இல்லை, பிஎம்டிஎல் மட்டும் கீழே இறங்கிவிட்டது. எலி குறைந்தால் நமக்குத் தெரிந்தது குறைவு, தெரிந்தது குறைந்தால் டோஸையும் குறைத்துத்தான் வைக்க வேண்டும், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. 50 எலியில் ஒன்றுக்குக்கூடக் கட்டி வரவில்லை என்றால் அபாயமே இல்லை என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் உண்மை அபாயம் 6% வரை இருந்தாலும் அப்படி ஒரு பூஜ்யம் வரலாம்!

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கணக்கு 10% பக்கத்திலேயே நிற்பது. நமக்குப் பயம் லட்சத்தில் ஒருவர், பத்து லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் எந்த எலிச் சோதனையும் எதையும் காட்டாது, அங்கே ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு விடை சொல்லும், எல்லாமே மேலே உள்ள புள்ளிகளோடு அழகாகப் பொருந்தியும் இருக்கும். அதனால் தரவு இருக்கும் இடம்வரை வளைகோடு, அதற்குக் கீழே பூஜ்யத்தை நோக்கி ஒரு நேர்கோடு. இபிஏ-வின் 2005 வழிகாட்டியும் மரபணுவை நேரடியாகத் தாக்கும் ரசாயனங்களுக்கு இந்த வழியைத்தான் சொல்கிறது.

உதாரணத்துக்கு, மனிதருக்கு மாற்றிய பிஎம்டிஎல் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 0.1-ஐ, அதாவது அந்த 10%-ஐ, அதால் வகுத்தால் ஸ்லோப் ஃபேக்டர் 0.05, அதாவது கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் கூடினால் கூடும் அபாயம். ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் கிலோவுக்கு 0.001 மில்லிகிராம் உட்கொண்டால் அபாயம் லட்சத்துக்கு 5. இது மேல் வரம்பு, உண்மை இதற்குக் கீழேயே இருக்கலாம். அறிக்கை எழுதும்போது இதை விட்டுவிட்டு "லட்சத்தில் 5 பேருக்குப் புற்றுநோய் வரும்" என்று எழுதிவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள், படிப்பவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

சரி, இதால் முடியாதது என்ன? கட்டி ஏன் வந்தது என்று அதற்குத் தெரியாது. சாக்கரின் கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது, அந்த எண்களைப் போட்டாலும் அழகான வளைகோடு வரும். ஆனால் அது எலியின் சிறுநீரில் நடக்கும் தனி விஷயம், மனிதருக்குப் பொருந்தாது என்று பார்த்து 1999-இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐஏஆர்சி சாக்கரினை மூன்றாம் குரூப்புக்கு, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று வகைப்படுத்த முடியாதவற்றின் பட்டியலுக்கு, மாற்றியது. அந்த முடிவை எந்த மாடலும் எடுத்துத் தராது, உயிரியல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஓட்டும்போது ஏஐசி (மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு சிக்கலானது என்று சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண், குறைவாக இருந்தால் நல்லது) குறைவாக வந்த மாடலை உடனே எடுத்துவிட வேண்டாம். வளைகோடு குறைந்த டோஸ் புள்ளிகளுக்குப் பக்கத்தில் போகிறதா என்று படத்தைக் கண்ணால் பாருங்கள், அங்கே விலகியிருந்தால் ஏஐசி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அந்த மாடலை எடுப்பதில்லை.