செக்கண்ட் ஷை: வீட்டிலிருந்தா, யாழ்ப்பாணம் போயா, இல்லை கிடைத்த பீடத்துக்கா?

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்த கிழமை எங்கள் வன்னிப் பக்கத்தில் ஒரே கேள்விதான், செக்கண்ட் ஷை, அதாவது இரண்டாம் தரம் பரீட்சை எடுப்பதா என்று. விசுவமடுச் சந்தியில், தருமபுரத்தில், புதுக்குடியிருப்பு பஸ்சில், எங்கே கண்டாலும் "என்ன, திருப்பி எடுக்கப் போறியோ?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு நான் ஒரு தரம் பிழையான விடை சொன்னவன். இப்போது பின்னேரங்களில் பௌதிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். மருத்துவமோ பொறியியலோ வேண்டும், வெட்டுப்புள்ளிக்கு (பீடத்துக்குள் போகத் தேவையான ஆகக் குறைந்த புள்ளிக்கு) கொஞ்சம் கீழே நிற்கிறது என்று வருடா வருடம் பிள்ளைகள் முடிவுத் தாளோடு வருகிறார்கள். அவர்களோடு இருந்து பார்க்கும் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாளைப் பாருங்கள். மொத்த இசட் ஸ்கோர் மட்டும்தான் அதில் இருக்கும், பாடவாரியாக வராது. ஆனால் தரங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இசட் என்பது உங்கள் புள்ளி அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான். மூன்று பாடத்துக்கும் அதைக் கண்டு கூட்டி மூன்றால் பிரிக்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு பிள்ளைக்கு இரசாயனவியலில் 1.8, உயிரியலில் 1.6, பௌதிகத்தில் 0.5 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.3. பௌதிகத்தை மட்டும் 1.4க்கு ஏற்றினால் சராசரி 1.6 ஆகிவிடும். இன்னொரு பிள்ளைக்கு மூன்றிலும் 1.3. அவரும் 1.6க்கு வரவேண்டுமானால் மூன்று பாடத்தையும் ஒன்றாக உயர்த்த வேண்டும். தாளில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், ஆனால் செக்கண்ட் ஷை முதலாவது பிள்ளைக்குத்தான் பொருந்தும். இரண்டாவது பிள்ளைக்கு "எடு" என்று நான் இலகுவில் சொல்லமாட்டேன்.

பிறகு உங்கள் மாவட்டத்தின் கடந்த இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளியை எடுத்து வையுங்கள். பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையில் போகும், 55 வீதம் மாவட்டக் கோட்டா, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்குமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். உங்கள் மாவட்ட எண்ணுக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி ஒரு பலவீனமான பாடத்தால் அடையக்கூடியதா என்பது மட்டும்தான் கேள்வி.

அமெரிக்காவில் இருக்கிற மாமாமார் தொலைபேசியில் "எத்தனை தரமும் எடுக்கலாம், ஒன்றும் குறையாது" என்பார்கள். அவர்கள் சொல்வது அங்கே சரி. எஸ்.ஏ.டி பரீட்சையைப் பல தரம் எழுதலாம். ஒவ்வொரு பகுதிக்கும் கிடைத்த சிறந்த புள்ளியைத் தனித்தனியாக எடுத்துச் சேர்க்கிற பல்கலைக்கழகங்களும் அங்கே உண்டு. இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான். மூன்று பாடமும் ஒரே அமர்வில். முதல் தரம் வந்த இரசாயன ஏ-யை இரண்டாம் தரத்துக்குக் கொண்டுபோக முடியாது, அதையும் திருப்பி எழுதி எடுக்க வேண்டும். பௌதிகத்தைத் தூக்கப் போய் இரசாயனத்தை விழுத்தினவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அந்த வருடம் எழுதுகிறவர்களைப் பொறுத்து இசட் மாறுவதால், அதே புள்ளி எடுத்தாலும் அதே இசட் வரும் என்றில்லை.

காலமும் குறைவு. 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பர் 25இல் தொடங்கி, வெள்ளத்தால் இடையில் நின்று, டிசம்பரில் முடிந்தது. முடிவு வந்தது 2025 ஏப்ரல் 26. அடுத்த பரீட்சை தொடங்கியது 2025 நவம்பர் 10. ஒரு வருடம் இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், உண்மையில் கிடைத்தது ஆறரை மாதம். அதிலும் அழுகையும் மீளாய்வு விண்ணப்பமும் வீட்டுக் கூட்டமும் ஒரு மாதத்தைத் தின்றுவிடும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. வெட்டுப்புள்ளி வெளிவருவதற்குள் அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதனால் 'கம்பஸா, செக்கண்ட் ஷையா' என்று ஏப்ரலிலேயே முடிவெடுக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் போடுங்கள், பரீட்சைக்கும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பியுங்கள். தெரிவுக் கடிதம் வந்து பதிகிற நாளில்தான் உண்மையான முடிவு. பதிந்தபின் திரும்பவும் விண்ணப்பிப்பதற்கு விதிகள் உண்டு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பகுதியைப் பதிவதற்கு முன் இரண்டு தரம் வாசியுங்கள்.

சரி, எடுப்பது என்று முடிவானால் எங்கே இருந்து படிப்பது? நான் பிழைவிட்டது இதில்தான்.

எனக்கு இணைந்த கணிதமும் இரசாயனமும் பரவாயில்லை, பௌதிகம்தான் இழுத்தது. யாழ்ப்பாணம் போனால் எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன். அம்மா தோட்டை அடைவு வைத்தார். திருநெல்வேலியில் மூன்று பேராக ஓர் அறை. பெயர் பெற்ற ஒரு ரியூட்டரியில் பௌதிக வகுப்பு. மண்டபம் நிறையப் பிள்ளைகள், பின்வாங்கில் இருந்தால் சேரின் முகம் தெரியாது, ஸ்பீக்கரில் குரல் மட்டும் வரும். மற்றவர்கள் போகிறார்களே என்று நன்றாக இருந்த இரண்டு பாடத்துக்கும் வகுப்புச் சேர்ந்தேன். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, இடையில் சைக்கிள் ஓட்டம். கேட்டது நிறைய, எழுதிப் பார்த்தது மிகக் குறைவு. நவம்பர் வந்தபோது என் பாஸ் பேப்பர்களில் (பழைய வினாத்தாள்களில்) பாதி புத்தம் புதிதாகவே இருந்தன. இசட் ஏறியது, ஆனால் பொறியியலுக்குப் போதவில்லை.

என்னோடு படித்தவன் ஒருவன் வீட்டிலேயே இருந்தான். படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் அவன் எழுதிய கட்டமைப்பு வினாக்களைக் கிழமைக்கு ஒரு நாள் திருத்திக் கொடுத்தார். வேறு வகுப்பு இல்லை. ஒவ்வொரு விடையிலும் எங்கே புள்ளி போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவன்தான் அந்த முறை உள்ளே போனான்.

இதனால் யாழ்ப்பாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பாடம் அடியிலிருந்தே விளங்கவில்லை, ஊரில் அதற்கு ஆசிரியரும் இல்லை என்றால் போங்கள், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும். துணுக்காய், மல்லாவிப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு இது உண்மையான பிரச்சினை. விளங்கியிருக்கிறது, புள்ளியாக மாறவில்லை என்றால் வேண்டியது வகுப்பு இல்லை, திருத்துகிற ஓர் ஆள். மாவட்டக் கோட்டாவைப் பற்றியும் பயப்படுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு காலம் படித்தீர்கள் என்பதைக் கொண்டுதான் மாவட்டம் பார்க்கப்படுகிறது. ரியூசனுக்காகக் கொஞ்சக் காலம் அறை எடுத்து இருப்பது வேறு, ஏ.எல் படிக்கும்போதே பள்ளிக்கூடம் மாறுவது வேறு.

வீட்டிலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 'பிள்ளை சும்மாதானே நிக்குது' என்று கடைக்கும் வயலுக்கும் கூப்பிடுவார்கள். சிறுபோக வெட்டும், பரீட்சைக் காலத்தோடு வருகிற காலபோக விதைப்பும் யாருக்காகவும் நிற்காது. பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கூட, சமையலறையே பாதி நாளைக் கேட்கும். வீட்டில் இருந்து எடுக்கிற பிள்ளையின் பெற்றோரிடம் நானே போய், எந்த எந்த மணித்தியாலம் பிள்ளையைக் கூப்பிடக்கூடாது என்று பேசிவிட்டு வருவேன். ரியூசன் காசை விட அந்த மணித்தியாலங்கள்தான் உதவுகின்றன.

மூன்றாவது வழி கிடைத்ததை எடுப்பது. இதை ஊரில் தோல்வி போலப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. 2021 ஓகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. உயிரியல் படித்த பிள்ளைக்கு விவசாயம், சித்த மருத்துவம், தாதியியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் கண்முன் இருக்கின்றன. இடைவெளி பெரிதாக இருக்கிற பிள்ளை இவற்றில் ஒன்றுக்குள் போய் முதலாம் வகுப்பில் சித்தியடைவது, மூன்று தரமும் மருத்துவத்தின் வாசலில் நிற்பதை விட எவ்வளவோ மேல் என்று உறுதியாக நம்புகிறேன். பல்கலைக்கழகமே கிடைக்காதவர்களுக்கு வவுனியாவில் கல்வியியற் கல்லூரி, அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம், வேலையோடு படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றன.

தேர்ட் ஷை பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் தெளிவாக ஏறி, மயிரிழையில் தவறியிருந்தால் எடுங்கள். அதே இடத்தில் நின்றிருந்தால் வேண்டாம்.

இந்த வருடம் என்னிடம் வருகிற ஒரு தங்கச்சிக்கு இரசாயனம் பி, உயிரியல் பி, பௌதிகம் எஸ் (சாதாரண சித்தி). முல்லைத்தீவு மாவட்டம், மருத்துவத்துக்கு இடைவெளி சிறியது. விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு அடுத்ததாகச் சித்த மருத்துவத்தையும் போட்டிருக்கிறாள், பரீட்சைக்கும் விண்ணப்பித்துவிட்டாள். பௌதிகத்துக்கு விடிய நாலு மணி. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிற அப்பாதான் எழுப்பிவிட்டுப் போகிறார்.