பழைய ஏடி89சி51-க்கு மாற்றாக வைத்த சிப்கள்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மோட்டார் காயில் சுற்றும் இயந்திரங்களில் சுற்றுகளை எண்ணும் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த போர்டுகள் பலவற்றில் 40 கால் சாக்கெட்டில் அட்மெல் நிறுவனத்தின் ஏடி89சி51 (8051 குடும்பத்து மைக்ரோகண்ட்ரோலர், அதாவது புரோகிராமைத் தன்னுள் வைத்து போர்டை இயக்கும் சிப்) இருக்கும். அட்மெல் 2016-இல் மைக்ரோசிப் வசம் போய்விட்டது. இன்று அந்த எண்ணில் கடையில் கிடைப்பவற்றில், பழைய போர்டிலிருந்து கழற்றி மேலெழுத்தைத் தேய்த்து மறுபடி அச்சடித்த சரக்கும் கலந்திருப்பதால், மாற்றுச் சிப் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

புரோகிராம் கையில் இருந்தால் எளிதான மாற்று ஏடி89எஸ்52 தான். கால்களின் அமைப்பு, ரீசெட்டின் போக்கு, ஒரு மெஷின் சைக்கிளுக்கு (கட்டளை நேரத்தை அளக்கும் அலகு) 12 கிளாக் துடிப்பு என்ற கணக்கு எல்லாம் பழையபடியே இருக்கின்றன. நினைவகம் மட்டும் 4 கேபியிலிருந்து 8 கேபியாகக் கூடுகிறது. இதிலுள்ள வாட்ச்டாகையும் (புரோகிராம் சிக்கிக்கொண்டால் சிப்பை ரீசெட் செய்வது) மூன்றாவது டைமரையும் புரோகிராம் கேட்டால் ஒழிய அவை இயங்குவதில்லை என்பதால், பழைய ஹெக்ஸ் கோப்பை (சிப்பில் ஏற்றும் வடிவிலுள்ள புரோகிராமை) அப்படியே ஏற்றலாம். இப்படி மாற்றிக் கொடுத்த போர்டுகள் சிப் சம்பந்தமான புகாரோடு என்னிடம் திரும்பி வந்ததில்லை.

எஸ்டிசி நிறுவனத்தின் 1டி வகைச் சிப்களில் (மெஷின் சைக்கிளை ஒரே துடிப்பில் முடிப்பவை) சிலவும் கால்வாரியாகப் பொருந்துபவையே, விலையும் குறைவு. சிக்கல் வேகத்தில்தான் இருக்கிறது. பழைய புரோகிராம்களில் தாமதம் என்பது டிஜேஎன்இசட் கட்டளையை (ஓர் எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்து, பூஜ்ஜியமாகும்வரை திரும்பத் தாவுவது) வெறுமனே சுற்றவிடுவதுதான். பழைய சிப்பில் 24 துடிப்பு எடுத்துக்கொண்ட அந்தக் கட்டளை இங்கே ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவாக முடிந்துவிடுகிறது. ஆனால் டைமர்கள் ஆரம்ப நிலையில் பழைய 12 துடிப்புக் கணக்கிலேயே ஓடுவதால், 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 9600 வேகத்துச் சீரியல் தொடர்பு ஒழுங்காக வேலை செய்யும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிடக்கூடும். எல்சிடியை இயக்கினால்தான் உண்மை தெரியும். திரையைத் துடைக்கும் கட்டளைக்கு அந்த டிஸ்ப்ளே சுமார் 1.5 மில்லிவினாடி கேட்கிறது. அது கிடைக்காதபோது மேல் வரியில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் நிற்கும். இதைவிடத் தொல்லை தருவது 24சி02 நினைவகம். எழுதி முடிக்கப் பல மில்லிவினாடி தேவைப்படும் அந்தச் சிப்புக்கு அவகாசம் தராமல் அடுத்த பைட்டை அனுப்பினால், அது வாங்கிக்கொள்ளாது. இயந்திரம் அன்று முழுக்க நன்றாக ஓடும். மறுநாள் சுவிட்சைப் போட்டால் வைத்த சுற்று எண்ணிக்கை இருக்காது. ஆகவே, அசெம்பிளி மூலநிரல் கையில் இருந்து, தாமதப் பகுதிகளை எல்லாம் திருத்த முடிந்தால் மட்டுமே இந்தச் சிப்பைப் போடுவேன்.

8051-இலிருந்து வேறுபட்ட குடும்பமான 3.3 வோல்ட் ஏஆர்எம் சிப் ஒன்றைச் சிறு அடாப்டர் போர்டில் ஏற்றி, 40 கால் சாக்கெட்டில் செருகியும் சில போர்டுகளை ஓட்டியிருக்கிறேன். இங்கே புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டும் என்பது தெரிந்த கதை; கவனிக்க வேண்டியது பவர் போட்ட முதல் கணம். 8051-இன் போர்ட்டுகள் ரீசெட்டில் 1 நிலைக்குப் போகும் என்று நம்பியே அன்றைய வடிவமைப்பாளர்கள் ரிலேக்கு முன்னால் இன்வெர்ட்டர் (1-ஐ 0-ஆகவும் 0-ஐ 1-ஆகவும் மாற்றும் ஐசி) வைத்தார்கள். புதிய சிப்பின் கால்கள் அந்நேரத்தில் எதனோடும் இணையாததுபோல் மிதப்பதால், இன்வெர்ட்டர் எதை வேண்டுமானாலும் படித்துக்கொண்டு ரிலேவைப் படபடவென்று அடிக்க வைக்கும். சுற்றும் மோட்டார் ஒரு குலுக்கு குலுக்கி நிற்கும், கையை அருகில் வைத்திருப்பவருக்கு இது விளையாட்டல்ல. ஒவ்வொரு வெளியீட்டுக் காலுக்கும் 10 கிலோ ஓம் புல்-அப் (காலை 1 நிலைக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) வைத்ததும் இது நின்றுவிட்டது. புதிய சிப் தருவது 3.3 வோல்ட்தான்; 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி வகை ஐசி 3.5 வோல்ட்டுக்குக் குறைந்ததை 1 என்று ஏற்க உத்தரவாதம் இல்லாததால், அவற்றை 74எச்சிடி வகைக்கு மாற்றினேன். அதற்கு 2 வோல்ட் போதும். இத்தனையும் செய்து கிடைத்த கூடுதல் வேகத்துக்குச் சுற்று எண்ணும் வேலையில் பயன் ஏதுமில்லை. புதிய வசதி கேட்கும் வாடிக்கையாளருக்கன்றி மற்றவருக்கு இதை நான் சொல்வதில்லை.

பழைய சிப்பில் லாக் பிட் (புரோகிராமைப் படிக்க விடாத பூட்டு) போட்டிருந்து, மூலநிரலும் இல்லையென்றால், இவற்றில் எதுவும் உதவாது; சிப்பிலிருந்து புரோகிராமைச் சாதாரண வழியில் படித்தெடுக்க இயலாது. அப்போது, சிப் உயிரோடு இருக்கும்போதே லாஜிக் அனலைசரை மாட்டி, ஒவ்வொரு பட்டனுக்கும் எந்தக் கால் எப்போது மாறுகிறது என்று பதிவு செய்து, அதைக்கொண்டு புதிய புரோகிராம் எழுதுகிறேன். சிப் இறந்த பிறகு போர்டைக் கொண்டு வருபவரிடம் புதிய கண்ட்ரோல் பேனலுக்கே விலை சொல்லிவிடுகிறேன்.