12 ரிங்கிட் ரப்பர் சப்பாத்தும் சேற்றுத் திடலும்

விலை 12 ரிங்கிட். பினாங்கில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில், மண்வெட்டிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஜோடி ஜோடியாகக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பெட்டி கிடையாது, போட்டுப் பார்க்க நாற்காலியும் கிடையாது. ஏழு ஜோடி வேண்டும் என்றதும் கடைக்கார அங்கிள், "எந்தத் தோட்டத்துக்கு?" என்று மலாயில் கேட்டார். "தோட்டத்துக்கு இல்லை அங்கிள், பந்து விளையாட" என்றேன். திடல் ஈரமா, காய்ந்ததா என்று அடுத்துக் கேட்டார். விளையாட்டுச் சாமான் கடைகளில் எத்தனையோ முறை பூட்ஸ் வாங்கியிருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

நம் மலேசியாவில் எல்லோரும் 'அடிடாஸ் கம்போங்' (கிராமத்து அடிடாஸ்) என்று சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் அது. 1949-ல் ஜெர்மனியில் தொடங்கிய அடிடாஸ் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ரப்பர் பால்மரத் தோட்டம், செம்பனைத் தோட்டம், காட்டுப்பாதை என்று கால் வழுக்கும் இடங்களில் வேலை செய்பவர்களின் சப்பாத்து. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் சுமை தூக்குபவர்கள்கூட இதைப் போட்டுக்கொண்டுதான் ஏறி இறங்குகிறார்கள். மேல்பகுதி, அடிப்பகுதி, தரையைப் பிடிக்க அடியில் இருக்கும் குமிழ்களான ஸ்டட் எல்லாமே ரப்பர் வார்ப்பு. நாடா கட்டும் வேலை இல்லை, காலை நுழைத்துக் குதிகாலை இழுத்துவிட்டால் முடிந்தது.

காற்பந்துக்கு இதை ஏன் வாங்கினோம் என்று சொல்ல வேண்டும். பினாங்கில் எங்கள் பல்கலைக்கழகத்தில் விடுதிகளுக்கு இடையிலான ஆட்டம் அக்டோபரில் வரும், மழையும் அப்போதுதான் வரும். எங்களுடையது கீழ் விடுதி. எங்களுக்கு நேர் எதிரி மேட்டு விடுதி. போன வருடம் அவர்களிடம் 3-0 தோற்றோம். முதல் கோல் விழுந்தபோது நான் இடது பின்வரிசையில் நின்றிருந்தேன். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப முடியாமல் முதுகு தரையில் பட விழுந்தேன். இரண்டாவது பாதியில் எங்கள் ஈப்போ தம்பியின் பூட்ஸில் அடிப்பகுதி பசை விட்டுப் பிளந்துகொண்டது. 280 ரிங்கிட். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசு. பெயர் பெற்ற பிராண்ட்தான், எது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு அவன் திடலை ஒட்டிய லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரம் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கெடாவில் பதினெட்டு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன், குளிர் இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் பனியில் நனைந்த சரிவில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடப்பார். "அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கிட்டு நான் ஒரு நாளும் விழுந்ததில்லை, வாளியில பாலும் சிந்தினதில்லை" என்றார். சமையலறைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த தன்னுடைய பழைய ஜோடியை எடுத்து வந்து காட்டினார். குதிகால் பக்கம் ஸ்டட் தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. ஆனால் எங்கும் கிழிசல் இல்லை.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

இந்த வருடம் ஆட்டத்துக்கு முந்தைய இரவு முழுக்க மழை. மாலை ஐந்து மணிக்கும் கோல் வாசலில் தண்ணீர் நின்றது. பதினொரு பேரில் ஏழு பேர் ரப்பர் சப்பாத்து. நடுவர் எங்களை வரிசையாக நிறுத்தி, குனிந்து ஸ்டட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காற்பந்தின் 4-ஆம் விதி ஆட்டக்காரர் காலணி அணிய வேண்டும் என்கிறது, அணிவது எதுவும் தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தாக இருக்கக் கூடாது என்கிறது. எந்தப் பிராண்ட் என்று கேட்பதில்லை. ரப்பர் வளைந்து கொடுத்தது, அவரும் தலையசைத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே முன்எலும்பைக் காக்கும் ஷின் கார்ட் கட்டாயம். நீண்ட காலுறைக்குள் அதை வைத்துக்கொண்டால் இந்தச் சப்பாத்தோடு ஒரு இடைஞ்சலும் இல்லை.

முதல் பத்து நிமிடத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தோல் பூட்ஸ்காரர்களின் அடியில் சேறு அப்பி அப்பி ஒரு பலகை போல ஆகிவிடுகிறது, அப்புறம் ஸ்டட் இருந்தும் இல்லாத மாதிரிதான். ரப்பர் ஒவ்வோர் அடிக்கும் மடங்கி விரிவதால் சேறு தானாக உதிர்கிறது. லோங்காங் பக்கத்து மூலையில் மேட்டு விடுதியின் பத்தாம் எண் பந்தை உள்பக்கம் வெட்டினான். போன வருடம் நான் விழுந்ததும் இதே வெட்டுக்குத்தான். இந்த முறை வலது காலை ஊன்றினேன். பெருவிரலுக்குக் கீழே இருந்த ஸ்டட் மண்ணுக்குள் இறங்கிப் பிடித்தது எனக்கே தெரிந்தது. உடம்பு திரும்பியது, கால் நின்றது, பந்து என்னிடம் இருந்தது. அவன் கை ஊன்றி எழுந்துகொண்டிருந்தான். நான் தூக்கிப் போட்ட அந்தப் பந்துதான் மூன்றே பாஸில் எங்கள் முதல் கோல் ஆனது.

2-1 என்று ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் எங்கள் கோல்கீப்பர் எட்டிப் பிடித்த ஒரு பந்தையும் சொல்லியே ஆக வேண்டும். அவனுக்கு நீளமான கை. தேசியக் காற்பந்துக் குழுவின் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று கூப்பிட்டதை என் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் மலேசியா புறக்கணித்ததால் போக முடியாமல் போன குழு அது. இனி எங்கள் விடுதியிலும் ஒரு ஸ்பைடர்மேன் இருக்கிறான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். பந்தை உணர்ந்து தட்டுவதற்கு இது ஏற்றதல்ல. ரப்பர் தடிமன், மென்மையான முதல் தொடுதல் பழகவே எனக்கு இரண்டு வாரப் பயிற்சி பிடித்தது. முன்பக்கம் மெத்தை கிடையாது, யாராவது மிதித்தால் நேராக விரலில் இறங்கும். எங்கள் நடுவரிசைத் தம்பிக்கு நகம் கறுத்துவிட்டது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை, இடைவேளையில் கழற்றிக் கவிழ்த்துத்தான் கொட்ட வேண்டும். நாடா இல்லாததால் ஆழமான சேறு சப்பாத்தை அப்படியே உறிஞ்சி இழுக்கப் பார்க்கும். அதற்கு நாங்கள் பாதத்தின் நடுவில் துணி டேப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினோம், ஏழு பேரில் ஒருவருக்கும் கழன்று வரவில்லை. காய்ந்த திடலில் இதைப் போட்டு ஆடாதீர்கள். பயிற்சிக்கு ஒரு நாள் வெயிலில் போட்டு ஓடிப் பார்த்தேன். உள்ளே கால் வெந்து போனது, கெட்டி மண்ணில் ஒவ்வொரு ஸ்டட்டும் பாதத்தில் தனித்தனியாகக் குத்தியது. செயற்கைப் புல்லிலும் எனக்குப் பிடிக்கவில்லை.

அளவு விஷயத்தில் கவனம் தேவை. தடித்த காலுறையை கையோடு கொண்டு போய், அதை மாட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள். அரை அளவு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு 8 இறுக்கம், 9 தளர்வு. 9 வாங்கி உள்ளே மூன்று ரிங்கிட்டுக்கு ஒரு மெல்லிய இன்சோல் போட்டதும் சரியாகிவிட்டது. வெறுங்காலில் மட்டும் போடவே கூடாது, குதிகால் பத்து நிமிடத்தில் தோல் உரிந்துவிடும்.

15 ரிங்கிட்டுக்குள் ஒரு மழைக்கால ஆட்டம் முழுக்கக் காலை ஊன்றி நிற்க வைத்த சப்பாத்து இது. திடலில் தண்ணீர் நிற்கும், கையில் காசு இல்லை என்றால் தயங்காமல் வாங்குங்கள். விளையாட்டுச் சாமான் கடையில் தேட வேண்டாம், ஹார்ட்வேர் கடையிலோ உரம் விற்கும் கடையிலோ கேளுங்கள்.

ஆட்டம் முடிந்த இரவு ஏழு ஜோடியையும் விடுதிக் குழாயடியில் நானும் ஈப்போ தம்பியும் கழுவினோம். சோப்பு வேண்டியிருக்கவில்லை, தண்ணீரிலேயே சேறு போய்விட்டது. மறுநாள் வெயிலில் வைக்கலாமா என்று அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெயிலில் வைத்தால் ரப்பர் வெடித்துவிடும், பழைய பேப்பரை உள்ளே திணித்து நிழலில் கவிழ்த்து வை என்றார். மாடிப்படிக்குக் கீழே ஏழு ஜோடியையும் அப்படித்தான் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.