குலுக்கலா, ஏலமா?

விழாவுக்குப் பணம் திரட்ட, சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்துவதா, பொருளை ஏலம் விடுவதா? கேரள அரசு லாட்டரி 1967இல் தொடங்கியபோது சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். குலுக்கலின் பலமே அதுதான்: சில்லறை இருந்தால் போதும், யாரும் சேரலாம். ஆனால் பரிசுப் பொருளை நாமே வாங்கினால் வசூலில் பாதி அதற்கே போய்விடும். யாரிடமாவது கேட்டு வாங்கிவிட வேண்டும். விற்ற சீட்டுகளின் அடிக்கட்டைகளை எண்ணி டப்பாவில் போடுவதும் தனி வேலை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை வேறு.

ஏலத்துக்கு வசதியான நாலு பேர் போதும். விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் 2024இல் வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழம் 2.36 லட்சத்துக்குப் போனது! மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும். பள்ளி விழா என்றால் நான் குலுக்கல் பக்கம்தான், எனக்கு இதுவரை விழுந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி மட்டுமே என்றாலும்.