முன்கை எலும்பு கூடாமல் போனால்: கட்டா, கம்பியா, பிளேட்டா?

பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் தறி ஓட்டுபவர் ஒருவருக்கு முன்கை உடைந்து, ஆறு மாதமாகியும் எலும்பு கூடவில்லை என்றால், மூன்று யோசனைகள் அவர் காதில் விழும்: மறுபடியும் கட்டுப் போட்டுப் பொறுத்திருப்பது, எலும்புக்குள் கம்பி செலுத்துவது, எலும்பின் மேல் உலோகப் பிளேட் வைத்துத் திருகாணியால் இறுக்குவது.

முன்கையின் ரேடியஸ், அல்னா எலும்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு மூட்டைப் போல இயங்குகின்றன. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது, சற்றே வளைந்த ரேடியஸ் அல்னாவைச் சுற்றித் திரும்புகிறது. ஆகவே எலும்பு கூடினால் மட்டும் போதாது, அதன் நீளமும் வளைவும் பழையபடி அமைந்தால்தான் அறுந்த இழையை முடியவும், சாவியைத் திருகவும் கை இடங்கொடுக்கும்.

கட்டு இந்த இடத்தில் உதவாது. சிறுவர்களின் முறிவு பெரும்பாலும் மாவுக்கட்டிலேயே கூடிவிடுகிறது என்பது உண்மை. ஊரில் மூங்கில் பத்தைக் கட்டுக்கு இன்றும் நம்பிக்கை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெரியவர் கையில் பல மாதமாகக் கூடாத முறிவின் இடைவெளியில் நார்த்திசு நிரம்பிவிடுகிறது. அதை எந்தக் கட்டும் எலும்பாக்காது. இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்களுக்கே ஆபத்து.

கம்பிக்குச் சிறு கீறல் போதும், எலும்பைச் சுற்றியுள்ள தசையும் அதிகம் கலையாது. எனினும் சாதாரணக் கம்பி சுழற்சியைச் சரிவரத் தடுப்பதில்லை, ரேடியஸின் வளைவையும் நிமிர்த்திவிடக்கூடும். தோல் மோசமாகச் சிதைந்த கைகளில் மட்டுமே அதை முதலில் யோசிப்பேன்.

மற்றவர்களுக்கு என் தேர்வு பிளேட்தான். புதிய முறிவுகளிலேயே 3.5 மி.மீ. திருகாணிகளோடு முறிந்த முனைகளை நெருக்கி அழுத்தும் பிளேட்டால் 95 சதவீதத்துக்கு மேல் கூடுகின்றன. கூடாத முறிவில் எக்ஸ்ரே கூடுதலாக ஒன்றைச் சொல்லும்: முறிந்த முனைகள் யானைக்கால் போலத் தடித்திருந்தால் உயிர்ப்பு இருக்கிறது, உறுதிதான் குறைவு, பெரும்பாலும் நல்ல பிளேட்டே போதும். முனைகள் மெலிந்து கூராகியிருந்தால், இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்ப வேண்டும். எடுத்த இடத்தில் சில வாரம் வலிக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. முன்பே பிளேட் வைத்தவருக்கு, எக்ஸ்ரேயில் அதன் திருகாணிகளைச் சுற்றிக் கருவளையம் தெரிந்தால் அவை தளர்ந்திருக்கக்கூடும். அங்கே கிருமித்தொற்று உண்டா என்று ரத்தமும் திசுவும் சோதித்துப் பார்க்காமல் புதுப் பிளேட் வைக்கக் கூடாது. தொற்று இருந்தால் முதலில் சீழையும் செத்த எலும்பையும் அகற்றி, ஆன்டிபயாட்டிக் கலந்த மருத்துவ எலும்புச் சிமென்ட்டை இடைவெளியில் வைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே எலும்பு நிரப்புவார்கள். எலும்பு கூடும்வரை பீடியை விட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பது நோயாளியின் பங்கு.