அப்பாவின் எண்பதும் என் பழைய கைபேசி எண்ணும்

சிங்கப்பூரில் குடியேறிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 2025 ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளுடன் மாயவரம் சென்று, ஏறத்தாழ நான்கு வாரங்கள் தங்கித் திரும்பினோம். அப்பாவுக்கு ஆனி மாதத்தில் எண்பது வயதும் எட்டு மாதமும் நிறைந்ததால், திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்ய வேண்டியிருந்தது. மகளுக்கு ஐந்து வயதாகியும் இன்னும் காது குத்தவில்லை. மகனுக்கு ஆண்டிறுதியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு இருந்தது. தேர்வு முடிந்து டிசம்பரில் போகலாமென்றால், அது மழையும் மார்கழியும் சேர்ந்து வரும் காலம். ஆகவே எல்லாவற்றையும் ஜூன் மாதத்திலேயே முடித்துவிடுவதென்று வைத்துக்கொண்டோம்.

இடையில் வந்த பயணங்களெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் என்று உறவினர் வீடுகளிலேயே கழிந்துவிட்டன. இம்முறைதான் வங்கி, அஞ்சலகம், ரயில் முன்பதிவு, கோயில் ஏற்பாடு என்று எல்லா இடங்களிலும் நானே நின்று வேலை பார்த்தேன். ஊரில் சேவைகள் நிச்சயமாக வளர்ந்திருக்கின்றன. ஆனால், அவற்றின் வாசல் ஒரு கைபேசி எண்ணாக மாறியிருக்கிறது. அந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவருக்கு எல்லாம் எளிது. இல்லாதவருக்கு எதுவுமே நகர்வதில்லை. இந்த வாசலில் தடுமாறுபவர்கள் இரண்டு வகையினர் என்பதை அப்பாவுடன் இருந்த அந்த நாள்களில் கண்டேன். ஊரைவிட்டு நகராத முதியவர்கள் ஒரு வகை, ஊரைவிட்டுப் போய் நாளான எங்களைப் போன்றவர்கள் மற்றொரு வகை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி விமான நிலையத்தின் பழைய முனையத்தில், ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் வந்துவிட்டால் குடியேற்றச் சோதனை வரிசையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம், ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளுக்கு மேல் கையாளும் அளவுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. கோபுரமும் கோலமுமாக அலங்கரித்திருக்கும் முகப்பைப் பார்த்துவிட்டு, “இது கோயிலா அம்மா?” என்று மகள் கேட்டாள். விமானத்தைவிட்டு இறங்கி முக்கால் மணி நேரத்துக்குள் பெட்டிகளோடு வெளியே வந்துவிட்டோம். மாமா மகன் கார் கொண்டுவந்திருந்தார். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். வழிநெடுக ஊர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டாமல் மகன் வாசித்துக்கொண்டு வந்ததை, வீட்டுக்குப் போனவுடன் அப்பாவிடம் சொன்னேன். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்ட செய்தியை அப்பா பேரனுக்குச் சொல்லி, “இந்தத் தண்ணீர் நம்ம ஊர் வாய்க்காலுக்கு எப்போ வந்து சேரும், சொல்லு பார்ப்போம்” என்று கணக்குப் போடச் சொன்னார்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் நெஞ்சில் உறுத்துகிற கேள்வி, மாத்திரை தீரும்போது யார் வாங்கிக் கொடுப்பார்கள் என்பதுதான். நாங்கள் போன மூன்றாம் நாள் காலை, தோளில் பையுடன் ஒரு பெண் வந்து, அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, அளவைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, மாத்திரைகளையும் கொடுத்துவிட்டு, “உப்பைக் குறைங்கம்மா, பொண்ணு வந்திருக்குன்னு வத்தல் வடாம் பொரிக்காதீங்க” என்று உரிமையோடு சொல்லிவிட்டுப் போனார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் அவர். கடல் கடந்து இருக்கும் ஒரு மகளுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அந்தப் பெண்ணிடமே சொன்னேன். இத்திட்டத்துக்கு அம்மாவிடம் கைபேசி இருக்க வேண்டியதில்லை, வாசல் கதவு திறந்திருந்தால் போதும். நான் பார்த்தவற்றுள் மனம் நிறைந்து பாராட்டுவது இதையே.

இனி, என் எண்ணின் கதை. சிங்கப்பூருக்குப் போகுமுன் மாயவரத்தில் வாங்கிய ஓர் எண்ணை நெடுநாள் உயிரோடு வைத்திருந்தேன். பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்கு வர முடியாமல், ரீசார்ஜ் செய்வதையும் மறந்துவிட்டேன். தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் முடக்கிவிடலாம், பின்னர் அதை வேறொருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம். இன்று அந்த எண்ணை அழைத்தால் திருப்பூரில் ஒருவர் எடுக்கிறார். மிக மரியாதையாகப் பேசினார். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. ஆனால், என் வங்கிக் கணக்கும் ஆதாரும் ரயில் முன்பதிவுக் கணக்கும் அந்த எண்ணோடு பிணைந்திருந்தன. எதைத் தொட்டாலும் ஓடிபி என்னும் ஒருமுறைக் கடவுச்சொல் அவருடைய கைபேசிக்குத்தான் போகும்.

மாயவரத்தில் நான் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்குப் போனேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் இல்லாததால், வெளிநாடுவாழ் இந்தியருக்கான என் கணக்கு செயலற்றதாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. அது விதிப்படி சரியானதே. அதை மீண்டும் செயல்படுத்தக் கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்பு ஆவணங்கள் வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் போனபோது, வேறொரு மேசையில் இருந்தவர் வெளிநாட்டு முகவரிக்கான சான்று வேண்டும் என்றார். அதைக் கொடுத்தபின், ஆதாரில் புதிய எண்ணை இணைத்துக்கொண்டு வரும்படி சொன்னார். இவற்றையெல்லாம் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், ஒரே நடையில் முடித்திருக்கலாம். விடுமுறையில் வருபவருக்கு நாள்தான் பணம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, தடி ஊன்றிய ஒரு பாட்டியும் இதே போல மூன்றாம் முறையாக வந்திருந்தார். அவருக்கு எண் இருந்தது. அதில் வந்த செய்தியை வாசிக்கத்தான் ஆளில்லை. அவர் கைபேசியை என்னிடம் நீட்டியபோது, வாசித்துச் சொல்லிவிட்டு, இப்படி அறியாதவரிடம் நீட்டாதீர்கள் பாட்டி என்று சொல்லவும் வேண்டியதாயிற்று.

புதிய சிம் வாங்கிக்கொண்டு, ஆதாரில் எண்ணை மாற்ற அஞ்சலகத்துக்குப் போனேன். காலை எட்டரைக்கே டோக்கன் வாங்க வரிசை நின்றது. அப்போது கட்டணம் 50 ரூபாய். அந்த மேசையில் இருந்த இளம்பெண்ணின் பொறுமையைச் சொல்லாமல் போனால் தவறாகும். என் முறை வந்தபோது மணி பதினொன்று. அதற்குள் ஐம்பது முறையாவது, “விரலை அழுத்தாதீங்க, சும்மா வைங்க” என்று முகம் சுளிக்காமல் சொல்லியிருப்பார். நான்கு நாளில் எண் மாறிவிட்டது, மறுநாளே வங்கிக் கணக்கும் உயிர்பெற்றது. ஆனால், அதற்குள் பதினோரு நாள் கழிந்துவிட்டது.

அந்தப் பதினோரு நாளும் கையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டுதான் நடமாடினேன். பூக்கடையிலும் இளநீர் வண்டியிலும் யுபிஐ அட்டை தொங்குகிறது. நூறு ரூபாய்க்கு மேல் எதை நீட்டினாலும், “சில்லறை இல்லைங்க அக்கா, போன்ல போட்டுவிடுங்க” என்கிறார்கள். சிங்கப்பூர் எண்ணை வைத்துக்கொண்டே, வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கின் மூலம் யுபிஐ பயன்படுத்த 2023 முதலே வழி உண்டு. 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ் சேவையும் யுபிஐயும் இணைக்கப்பட்டிருப்பதால், அங்கிருந்தே நாளொன்றுக்கு ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை நொடியில் அனுப்பலாம். திருக்கடையூருக்கு முன்பணம் கொடுக்க மாமா மகனுக்கு அப்படித்தான் அனுப்பியிருந்தேன். ஆகவே, இந்தியக் குடியுரிமையோடு வெளியே இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுண்டு. கணக்கைக் கிளம்புமுன்பே உயிர்ப்பித்து, உங்கள் வெளிநாட்டு எண்ணை அதில் பதிந்துகொண்டு, பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. விமானச் சீட்டை ஆறு மாதம் முன்னே எடுக்கும் எங்களுக்கு, ரயிலை நம்பித் திட்டமிடுவது கடினமாகியிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் கடைசி நேர முன்பதிவான தட்காலை இணையவழி எடுக்கவும் ஆதார் சரிபார்ப்பு வேண்டும். அதாவது, மீண்டும் அதே எண். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை இன்னும் திரும்பவில்லை என்பதை அப்பா ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார். அவருடைய ஆதங்கம் நியாயமானது.

திருக்கடையூர், மாயவரத்திலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கிழக்கே, தரங்கம்பாடி செல்லும் வழியில் இருக்கிறது. மார்க்கண்டேயனுக்காக ஈசன் காலனை உதைத்த அட்டவீரட்டத் தலம் என்பதால், அறுபது, எழுபது, எண்பது காணும் தம்பதியர் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். முகூர்த்த நாளில் பிராகாரம் முழுவதும் மணக்கோலத்தில் முதியவர்கள் அமர்ந்திருக்கும் காட்சியை வேறெங்கும் காண முடியாது. ஏற்பாட்டாளர்கள் ஹோமம், கலசங்களின் எண்ணிக்கை, மாலை, சாப்பாடு என்று மொத்தமாகப் பேசுகிறார்கள். கலசம் கூடக்கூடத் தொகை கூடும். எங்கள் ஏற்பாட்டாளர் சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை, எழுதியே கொடுத்தார். முதியவர்கள் கால் மடக்கி உட்கார முடியாது என்பதற்காகத் தாழ்வான பலகை இருக்கைகளும் வைத்திருந்தார். குறை ஒன்றுதான். அபிஷேகம் முடிந்து ஈரத்துணியோடு இருக்கும் பெண்கள் புடவை மாற்றத் தனி இடம் போதவில்லை. அம்மாவைச் சுற்றி நாங்கள் நால்வர் போர்வையைப் பிடித்து நின்றோம். எண்பது வயதை ஒட்டிய பெண்கள் நூற்றுக்கணக்கில் வரும் இடத்தில் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

அப்பா அம்மாவின் தலைக்கு மேல் சல்லடை பிடித்து, உறவினர் ஒவ்வொருவராகக் கலச நீரை ஊற்றினோம். மகனின் முறை வந்தபோது, செம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தாத்தாவின் கண்ணில் படாமல் மிக மெதுவாக ஊற்றினான். சல்லடைத் துளைகளின் வழியே நூல் நூலாக இறங்கிய நீரில் அப்பா கண்களை மூடி இருந்தார். பேத்தி ஊற்றும்போது மட்டும் திறந்து பார்த்தார். சிங்கப்பூரில் பிள்ளைகள் பிறந்தபோது, வளைகாப்பும் பெயர் சூட்டலும் காணொளியில்தான் அவருக்குக் காட்டினேன். அந்தக் கடன் தீர்ந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால், அன்று அந்த மண்டபத்தில் திரை எதுவும் எங்களுக்கு நடுவே இல்லை. இரண்டு நாள் கழித்து வைத்தீசுவரன்கோயிலில் மகளுக்குக் காது குத்தியது நல்லபடியாக நடந்தது. பெரிய மாமா மடியில் வைத்திருக்க, அவள் அழத் தொடங்குவதற்குள் ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார்.

அப்பா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றில் கணக்கராக இருந்து 2002-இல் ஓய்வு பெற்றவர். தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்காகப் பேருந்தேறி அலைவார். இப்போது அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுக்கிறார். நாங்கள் இருந்தபோதே அவர் வந்தார். அப்பாவின் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருந்ததால் கருவி ஏற்கவில்லை. துணியால் துடைத்து, வேறு விரலை வைத்து, மீண்டும் மீண்டும் முயன்றார். ஐந்தாம் முறைக்குப் பின், “விடுங்க ஐயா, முகத்தைக் காட்டியே எடுத்துடலாம்” என்று கைபேசியை நேரே பிடித்தார். “கண்ணை ஒருதரம் மூடித் திறங்க.” அப்பா மூடினார், திறக்கவில்லை. “திறங்க ஐயா.” திறந்தார், பதிவாகிவிட்டது. அந்த அஞ்சல்காரர் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அன்று மாலைதான் அப்பாவின் நீளமான கணக்கு நோட்டைப் பார்த்தேன். பால் கணக்கு, மின்கட்டணம், மருந்து என்று வழக்கமான பத்திகளுக்கு அடுத்து, ஓடிபி என்று ஒரு பத்தி போட்டு, வந்த ஒவ்வோர் ஆறிலக்க எண்ணையும் தேதியோடு எழுதிவைத்திருந்தார். பத்து நிமிடத்தில் அவை செல்லாதவையாகிவிடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டு அந்தப் பத்தியைத் தொட்டபோது, கையால் மறைத்துக்கொண்டு, “யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே அம்மாடி” என்றார். நாற்பது ஆண்டு ஒரு பைசா பிசகாமல் பேரேடு எழுதிய கை அது. ஒரு சேவை அவரைத் தடுமாற வைக்கிறதென்றால், குறை அவரிடம் இல்லை. வங்கிகளும் அலுவலகங்களும் வாரத்தில் ஒரு காலைப்பொழுதையாவது ஒதுக்கி, முதியவர்களுக்கு இவற்றைத் தமிழில் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் ஒரு மணி நேரம் சொன்னேன். மூன்றாம் முறை அவரே மின்கட்டணம் செலுத்திக் காட்டினார்.

கிளம்புமுன் என் புதிய சிம்மை அவருடைய பழைய கைபேசியில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். 90 நாள் கணக்கையும் சொன்னேன். நோட்டில் என் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். சென்ற வாரம் அழைத்தபோது, நான் கேட்பதற்கு முன்பே, ரீசார்ஜ் செய்துவிட்டதாகச் சொல்லி, செலுத்திய தேதியையும் தொகையையும் அடுத்து செலுத்த வேண்டிய நாளையும் அந்தப் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார்.