30 மில்லிமீட்டர் இறக்கிய பிஎம்டபிள்யூ 530ஐ: சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு

காரின் உயரத்தை இறக்கினால் சொகுசு போய்விடும் என்று பலரும் சொல்வார்கள். இறக்கிய காரில் சில ஆண்டுகள் குடும்பத்தோடு ஓடியபின் எனக்குத் தோன்றுவது வேறு. அளவோடு இறக்கினால் உயரத்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஸ்பிரிங்குக்குப் பொருந்தாத ஷாக் அப்சார்பர், நைந்துபோன புஷ்கள் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்கள்), பக்கச்சுவர் மெலிந்த டயர், இவை மூன்றும்தான் காரைக் கட்டை வண்டியாக்குகின்றன. இவற்றைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் தாழ்ந்த காரிலும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகலாம்.

என்னுடையது 2002 மாடல் 530ஐ. இ39 என்று சொல்லப்படும் ஐந்தாம் சீரிஸ் தலைமுறை, 1995 முதல் 2003 வரை வந்தது. மூன்று லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர், 231 குதிரைத்திறன். சஸ்பென்ஷன் பாகங்களில் பெரும்பகுதி அலுமினியம் என்பதால் சக்கரத்தோடு ஆடும் எடை குறைவு. சொகுசுக்கு அதுவே பாதி பலம். நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். ஏ8 நெடுஞ்சாலை தினசரிப் பாதை, வார இறுதியில் ஸ்வேபியன் ஆல்ப் மலைச் சாலைகள்.

இறக்கியதற்குக் காரணம் இரண்டு. மணிக்கு 160 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பழைய ஸ்பிரிங்கில் கார் மேலெழும்பி மிதப்பதுபோல் இருந்தது, குறுக்குக் காற்றில் ஸ்டியரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருந்தது. அப்புறம், டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி. இவ்வளவு அழகாக வரையப்பட்ட காருக்கு அது பொருந்தவே இல்லை.

போட்டது ஐபாக் கம்பெனியின் ப்ரோ-கிட் ஸ்பிரிங், பில்ஸ்டைன் கம்பெனியின் பி8 ஷாக்ஸ். முன்னும் பின்னும் ஏறக்குறைய 30 மி.மீ. இறக்கம். இரண்டையும் சேர்த்து பி12 என்ற பெயரில் ஒரே பெட்டியாகவும் விற்கிறார்கள். ஷாக்கை ஏன் மாற்ற வேண்டும், ஸ்பிரிங் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கார் 30 மி.மீ. தாழும்போது ஷாக்கின் தண்டும் அதே அளவு உள்ளே இறங்கி நிற்கிறது. ஷாக் கடைசிவரை அமுங்கும்போது முட்டித் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொட மிச்சமிருக்கும் தூரம் குறைகிறது. அதை ஈடுகட்டத்தான் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கெட்டியாகச் செய்கிறார்கள். கெட்டியான ஸ்பிரிங் அமுங்கியபின் வேகமாகத் திரும்பி எழும். அதைப் பிடித்து நிறுத்தும் வலு பழைய ஷாக்குக்கு இருக்காது. விளைவு, ஒரு பள்ளத்துக்கு இரண்டு மூன்று குலுக்கல். பி8 இதற்கென்றே குட்டையாகச் செய்யப்பட்டது. பில்ஸ்டைனிலேயே பி6 என்பது சாதாரண உயரத்துக்கானது. இறக்கிய காருக்கு அதை வாங்காதீர்கள்.

ப்ரோ-கிட் ஸ்பிரிங்கில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். சின்ன மேடு பள்ளத்தை அந்த மெல்லிய பகுதி வாங்கிக்கொள்ளும், பெரிய அடி வந்தால் அகன்ற சுற்றுகள் தாங்கும். சொகுசுக் கார்களின் உடல் பொதுவாக வினாடிக்கு ஒன்று, ஒன்றேகால் தடவை ஆடும்படி அமைக்கப்படும். நம் உடம்புக்கு அதிகம் உறைப்பது 4 முதல் 8 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான மேல்கீழ் அதிர்வு. ஆகவே ஸ்பிரிங் சற்றுக் கெட்டியாவதால் மட்டும் இடுப்பு வலிக்காது. வெடுக்கென்று வரும் அந்தக் குட்டி அதிர்வுகளை டயரும் புஷ்ஷும் ஷாக்கும் எப்படி வாங்குகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புஷ் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இ39-ல் 80-க்கும் 110 கி.மீ. வேகத்துக்கும் இடையில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குவது பிரசித்தம். பெரும்பாலும் முன்சக்கரத்தைக் காரோடு இணைக்கும் த்ரஸ்ட் ஆர்ம் என்ற கையின் புஷ் போயிருக்கும். இந்தப் புஷ்ஷுக்குள் திரவம் நிரம்பியிருக்கும், அதிர்வை அது விழுங்கும். அதிக நாள் உழைக்கும் என்று திரவம் இல்லாத முழு ரப்பர் புஷ்களும் கிடைக்கின்றன. உழைப்பது நிஜம். ஆனால் சாலையின் சொரசொரப்பு அப்படியே ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். சொகுசு வேண்டுமென்றால் திரவப் புஷ்தான். நான் லெம்ஃபோர்டர் கம்பெனியுடையதைப் போட்டேன். ஸ்பிரிங் மாற்ற எப்படியும் முன்பக்கத்தைக் கழற்றத்தான் போகிறீர்கள், அப்போதே ஷாக் மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப், ஸ்பிரிங் அடி ரப்பர் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள்.

வேலையைக் கொடுத்த இடத்தில் எனக்கு ஒரு கசப்பு நேர்ந்தது. காரைத் திரும்ப எடுத்த அன்றே முன்பக்கம் மரக்கட்டைபோல் இருந்தது. பி8 என்றால் அப்படித்தான், பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டுகளை முழுதாக முறுக்கிவிட்டிருக்கிறார்கள் என்றார். இந்தப் புஷ்களில் ரப்பர் நடுக்குழலோடு ஒட்டியிருக்கும். தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காகிவிடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பிஎம்டபிள்யூ முறைப்படி முன்னிருக்கை இரண்டிலும் தலா 68 கிலோ, பின்னிருக்கை நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, டேங்க் நிறையப் பெட்ரோல் என்று வைத்துக்கொண்டு முறுக்க வேண்டும். இவர் மணல் மூட்டைகளை வைத்து, எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, காரை நாலு தடவை அழுத்தி ஆட்டிவிட்டு முறுக்கினார். ஒரு பாகம்கூட மாற்றவில்லை, கார் மாறிவிட்டது. உங்கள் மெக்கானிக்கிடம் இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தெரியாது என்றாலோ தேவையில்லை என்றாலோ வேறு இடம் பாருங்கள்.

வீல் அலைன்மென்ட்டும் அதே எடைகளோடுதான். இ39-ல் பின்சக்கரத்தின் கேம்பர் (மேல்பக்கம் உள்ளே வெளியே சாயும் கோணம்), டோ (முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பும் கோணம்) இரண்டையுமே திருத்தலாம், இது நம் அதிர்ஷ்டம். இறக்கியதும் பின்சக்கரங்கள் மேலே உள்நோக்கிச் சாய்ந்துவிடும். அப்படியே விட்டால் டயரின் உள்விளிம்பு தேய்வது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. நான் கேம்பரைக் கம்பெனி அளவுக்குள் கொண்டுவந்து, டோவைத் துல்லியமாக வைக்கச் சொன்னேன். உள்விளிம்பு இன்னமும் வெளிவிளிம்பைவிடச் சற்று அதிகம்தான் தேய்கிறது, ஆனால் டயரைப் பாதியில் தூக்கிப்போடும் அளவுக்கு இல்லை.

டயர் விஷயத்தில் ஆசைக்கு அணை போடுங்கள். 16 அங்குல ரிம்மில் 225/55 டயரின் பக்கச்சுவர் 124 மி.மீ., 17 அங்குல 235/45-ல் 106, 18 அங்குல 235/40-ல் 94. பார்க்க 18 அழகு, மறுக்கவில்லை. ஆனால் பழைய நகரத் தெருக்களில் அந்தப் 12 மி.மீ. ரப்பருக்கு விலையே கிடையாது. நான் கோடையில் 17, பனிக்காலத்தில் 16 ஓட்டுகிறேன். பனிக்கால டயர் மாட்டிய அன்று கார் எவ்வளவு இதமாகப் போகிறது என்று ஒவ்வொரு வருடமும் சந்தோஷப்படுகிறேன்.

இனி ஓட்டம். ஏ8-ல் ஊல்ம் நோக்கி மலையேறும் பகுதி பழைய, குறுகலான, வளைவுகள் நிறைந்த பாதை. முன்பு அங்கே லாரிக்குப் பின்னாலிருந்து இடப்பக்கம் மாறும்போது கார் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கணம் யோசித்து, அப்புறம்தான் திரும்பும். இப்போது ஸ்டியரிங்கோடு சேர்ந்தே திரும்புகிறது. பிரேக்கில் மூக்குக் குத்துவது வெகுவாகக் குறைந்துவிட்டது. 180-ல் கார் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. கான்கிரீட் சாலையின் இணைப்புகள் காதுக்குக் கேட்கின்றன, முதுகுக்கு வருவதில்லை.

குறையும் உண்டு. எஸ்லிங்கன் பழைய நகரத்தின் கல் பாவிய தெருவில் 30-ல் போனால், பழைய ஷாக்ஸைவிட பி8 கெட்டிதான். உயர் அழுத்த வாயு ஷாக்கின் இயல்பு அது. மெல்லப் போகையில் சின்னச் சின்ன அசைவுகளுக்கு அது எளிதில் இளகாது. இடுப்பு வலி உள்ள அப்பா பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்குப்பா, ஆனா தூக்கிப் போடல" என்றார். என்னைக் கேட்டால் இந்தக் காருக்கு இதைவிடச் சரியான தீர்ப்பு இல்லை. பாதாளப் பார்க்கிங் சரிவுகளில் கொஞ்சம் கோணலாகத்தான் ஏற வேண்டும். நாலு பேரும் நிறைந்த டிக்கியுமாகப் போகும்போது பின்பக்கம் தாழ்ந்து, பெரிய குழியில் பம்ப் ஸ்டாப்பைத் தொடுவது தெரிகிறது. தொட்டாலும் அடிப்பதில்லை, மெதுவாக அமுங்குகிறது.

ஜெர்மனியில் இதைச் செய்பவர்கள் டியூஃப் போன்ற பரிசோதனை நிலையத்தில் காட்டிப் பதிய வேண்டும். பாகத்தோடு வரும் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். சக்கரத்தைத் தூக்கி உரசுகிறதா என்று பார்ப்பார்கள், விளக்கின் வெளிச்ச உயரத்தையும் பார்ப்பார்கள். செனான் விளக்கு உள்ள கார்களில் அச்சுகளோடு இணைந்த உயர சென்சார் உண்டு. இறக்கியபின் அதைப் புதிய உயரத்துக்கு மறுபடி அமைக்காவிட்டால் வெளிச்சம் எங்கோ போகும்.

இதே தலைமுறையின் டூரிங், அதாவது நீள டிக்கி மாடல் வைத்திருப்பவர்களில் பலருக்குப் பின்பக்கம் காற்று ஸ்பிரிங் இருக்கும். அதில் இந்தப் பெட்டி அப்படியே பொருந்தாது, தனியாகப் பார்த்து வாங்குங்கள். செடான்காரர்கள் 30 மி.மீ.க்கு மேல் இறக்க வேண்டாம். 50, 60 மி.மீ. இறக்கிய இ39-களிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நிறுத்தி வைத்தால் கண்ணை எடுக்க முடியவில்லை, ஓடும்போது எப்போது இறங்கலாம் என்றிருந்தது.